கரிவரதன் கட்டிய கார்கள்

இந்தியக் கார் பந்தயத்தில் ஓட்டியவர்கள் பலர், கட்டியவர்கள் சிலர். இரண்டிலும் பேர் வாங்கியவர் கோவை சுந்தரம் கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமே அன்று பந்தயத் தடம்; அங்கே தானே ஓட்டிப் புகழ் பெற்றார். ஆனாலும் ரசிகர்கள் இன்றும் பேசுவது அவருடைய பட்டறையைப் பற்றித்தான்.

அந்தக் காலத்தில் பந்தயக் கார் என்றால் இறக்குமதி. விலையும் வரியும் சாமானியனை அண்டவிடாது. பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு முக்கால்வாசி உண்மைதான். 1980-களின் பிற்பகுதியில் கரிவரதன் அதற்கு வழி கண்டார். தெருவில் ஓடும் மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைக் கார் கட்டினார். அதுவே பார்முலா மாருதி. பம்பு செட்டும் நூற்பாலை இயந்திரமும் செய்து பழகிய லேத்துகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த கோவையில் இது பிறந்ததில் வியப்பில்லை.

எஞ்சின் கட்டும் கலையின் நயம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. சிலிண்டர் ஹெட்டை மெல்லச் சீவினால் அழுத்தம் கூடும், இழுவை கூடும். ஒரு மயிரிழை அதிகம் சீவினால் எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் போய்விடும். கலவை சரியா என்பதை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே சொல்வார்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. தோலைத் தடவிப் பார்த்தே ரகம் பிரிக்கும் ஆம்பூர்த் தொழிலாளியின் கைப்பக்குவம் போன்றது இது. புத்தகம் பாதிதான் கற்றுத்தரும்.

பார்முலா மாருதியின் குதிரைத்திறன் குறைவு. அதுவே அதன் சிறப்பு என்று சொல்ல வேண்டும். வளைவில் வேகத்தை ஒருமுறை விட்டால் மீட்டெடுக்க எஞ்சினில் மிச்சம் இராது. ஆகவே ஓட்டுநரின் திறமை பளிச்சென்று தெரிந்துவிடும். நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்தது இந்தக் காரில்தான். 2005-இல் ஜோர்டான் அணிக்காக பார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருக்குப் பின் பார்முலா 1-ல் ஓட்டிய கருண் சந்தோக்கும் இதே பள்ளியின் மாணவர்.

1990-இல் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் ரசிகனுக்கு அது ஒரே சாலை. பஸ் ஏறினால் போதும். பைக்குகள் 302 மீட்டர் நேர்கோட்டில் சீறும் தேசிய டிராக் பந்தயமும் இங்கே நடந்திருக்கிறது. சில நொடிக் கூத்து. கிளட்சை விடும் கணத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுடன் மோதும் பார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடக்கிறது; வேலூர் விஐடி மாணவர்களின் பிரவேகா ரேசிங் அணியும் அதில் களமிறங்கியிருக்கிறது.