சிலுவை போன கோணல் வழி

நண்பன் ஒருத்தன் ‘செம இன்ஸ்பைரிங்டா, படி’ என்று சொல்லித்தான் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தைக் கொடுத்தான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் தறி ஓடும்போது எதையும் படிக்க முடியாது. கரண்ட் போன ஒரு மதியம் எடுத்தேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள், அவன் இதைப் படிக்கவே இல்லை என்று தெரிந்துவிட்டது.

ராஜ் கௌதமன் 1950இல் பிறந்தவர். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. எங்க ஊரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிப் போகணும். ‘கருக்கு’ எழுதிய பாமாவின் அண்ணன். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவர் தமிழ் எம்.ஏ.வுக்குத் தாவினார், அ. மாதவையா பற்றி ஆய்வு செய்தார், புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 2002இல் வந்த இந்த நாவல் அவர் கதைதான். ஆனால் ‘நான்’ கிடையாது, ‘சிலுவை’ என்று படர்க்கை.

நாவலின் பலமே இந்தப் படர்க்கைதான். படித்து மேலே வந்தவர்களின் சுயசரிதையில், சொல்பவர் மாடியில் நின்றுகொண்டு ஏறி வந்த படிகளை எண்ணுவார். விழுந்ததுகூட ஒரு படியாகிவிடும். இங்கே அந்த மாடியே இல்லை. ராணுவத்து அப்பாவிடம் பயம், பொய், படிப்பில் சறுக்கல் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. பின்னாளில் பேராசிரியராகப் போகிறவன் என்ற சலுகையை ஆசிரியர் ஓரிடத்திலும் சிலுவைக்குத் தரவில்லை. நம்மோடு சேர்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கடைசிப் பகுதியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. பட்டியல் சாதிகள் குறித்த 1950 ஆணைப்படி கிறிஸ்தவர் அந்தப் பட்டியலில் வர முடியாது. அந்த ஆணைக்கும் ராஜ் கௌதமனுக்கும் ஒரே வயசு. சிலுவை இந்துவாக மாறுகிறான். ஞானோதயம் ஏதும் இல்லை, விண்ணப்பத்தில் சீல் வாங்குவது போலத்தான். நான் கோடு எழுதுகிறவன். ஒரு ஃபீல்டை மாற்றினால் ஆள் தகுதி பெற்றுவிடுகிறான், அவன் தெரு மட்டும் மாறுவதில்லை என்பது எனக்குப் புரிகிற மொழி. அந்த ஃபீல்டில் எதை எழுதுவது என்று நான் ஒருநாளும் யோசிக்க நேர்ந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

‘கருக்கு’வை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பாமா மடத்தை விட்டு வெளியேறுகிறார், அண்ணன் காகிதத்தில் மதத்தை விட்டு வெளியேறுகிறான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விலகல்கள். அங்கே காயம் திறந்தே இருக்கிறது, இங்கே கிண்டலால் மூடியிருக்கிறது. எது அதிகம் வலிக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குறையும் உண்டு. விடுதி, கல்லூரிப் பக்கங்களில் ஒரே மாதிரி அட்டகாசங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, கொஞ்சம் வெட்டியிருக்கலாம். அடுத்து வந்த ‘காலச்சுமை’யில் வேலைக்குப் போய்விட்ட சிலுவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் காலமானார். அன்றைக்கு நண்பன் ஸ்டேட்டஸில் இந்த அட்டையைத்தான் வைத்திருந்தான். புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவே இல்லை.