சுவரும் குடியும்

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணுக என்று அறிவுறுத்தப் பிறந்த இம்மொழியை ஒரு நகரத்தின் நலம் குறித்தும் நாம் எண்ணிப் பார்க்கலாம். சுவர் இருக்கிறது, சித்திரமும் அழகாகவே இருக்கிறது. ஆனால் அச்சுவருக்குப் பின்னே குடியிருந்தோர் போய்விட்டால் அச்சித்திரம் யாருக்காக? பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரத்துச் சுவரோவியங்களைப் பற்றி எழுந்த விவாதத்தின் சாரம் இந்த ஒரு கேள்வியே என்பது நம் கருத்து.

அந்நகரம் நமக்கு அயலூர் அன்று. 1786-இல் ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் அமைத்த காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் அங்குச் சென்று வணிகம் செய்தனர். 'சூலியா' என்று அழைக்கப்பட்ட அவர்கள் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. 1801-இல் காதர் முகைதீன் அவர்களை முதல்வராகக் கொண்டு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் பெயரால் அமைந்த தர்காவும் அங்கேதான் உள்ளன. ஹஜ்ஜுக்குக் கப்பலேறக் காத்திருந்தோர் தங்கிய ஆச்சே தெருவும் அருகில்தான். நம் கடற்கரை ஊர்களில் பினாங்குக்குச் 'சபுர்' போன பாட்டனாரைப் பற்றிப் பேசாத குடும்பங்கள் குறைவு.

அந்நகரத்தின் பழைய கடைவீடுகளில் எளிய மக்கள் நெடுங்காலம் வாழ முடிந்ததற்கு ஒரு சட்டமே காரணம். 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாமல் அது தடுத்து வந்தது. கீழே தொழில், மேலே குடும்பம் என்று தையற்காரரும் தச்சரும் சிறுவணிகரும் அவ்வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். 1997-இல் அச்சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகைக்கு இருந்த வேலி முற்றிலும் அகன்றது. வாடகை பன்மடங்கு உயரவே பலர் வெளியேறினர். காலியான வீடுகள் சிலவற்றில், உண்ணத்தகும் கூடுகட்டும் குருவிகளைக் கூட வளர்த்துப் பொருளீட்டினர். மனிதர் போன வீட்டில் பறவை குடிபுகுந்தது! 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. கட்டடங்களுக்குக் காப்புக் கிடைத்தது. குடிகளுக்கு அத்தகைய காப்புக் கிடைக்கவில்லை.

இதற்குப் பின்னரே ஓவியர் வந்தார். 2012-இல் நகரத்தின் கலைவிழாவுக்காக, லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் சில சுவர்களில் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அக்காள் மிதிவண்டி ஓட்டுகிறாள். பிள்ளைகள் ஓவியம், வண்டியோ சுவரில் பதித்த மெய்யான வண்டி. ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் ஓவியச் சிறுவன் அமர்ந்திருக்கிறான்.

கலை என்ற அளவில் இவற்றைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. காரை பெயர்ந்த சுவரை ஓவியர் மறைக்கவில்லை. அதன் அழுக்கையும் விரிசலையும் தம் வண்ணத்தோடு சேர்த்துக்கொண்டார். மெய்ப்பொருளையும் பொய்ப்பொருளையும் இணைத்த உத்தியில் ஒரு குழந்தையின் குறும்பு இருக்கிறது. பார்ப்போர் தாமும் அவ்விளையாட்டில் சேர்ந்துகொள்ள முடிகிறது. பின்னர் அவற்றைப் பார்த்து வரையப்பட்ட போலிகள் பலவற்றில் இந்த அடக்கத்தை நாம் காணோம்.

'இவ்வோவியங்களால்தான் வாடகை ஏறியது, மக்கள் போனார்கள்' என்பார் ஒரு சாரார். ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இக்குற்றச்சாட்டு முழுமையாக நிற்காது. வேலி அகன்றது 2000-இல். ஓவியம் வந்தது 2012-இல். 'ஓவியங்களால் பயணிகள் வந்தனர், இடியவிருந்த வீடுகள் பிழைத்தன' என்பார் மறுசாரார். இதிலும் உண்மையுண்டு. ஆயினும், வந்த பயணியரை நம்பி எழுந்தவை விடுதிகளும் காப்பிக் கடைகளுமே. தெருவில் குடும்பங்கள் குறையக் குறையச் சுவரில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இம்முரண்பாட்டை ஓவியர் உண்டாக்கவில்லை. ஆனால் அவர் ஓவியம் அதை இனிப்பாக்கிவிட்டது.

அதே ஓவியர் 2013-இல் ஜொகூர் பாருவில் வேறொரு படம் வரைந்தார். பொம்மை உருவில் ஒரு பெண் விலையுயர்ந்த கைப்பையுடன் வருகிறாள். சுவரின் மூலைக்கு அப்பால் கத்தியுடன் ஒரு திருடன் காத்திருக்கிறான். அந்நகரத்தின் வழிப்பறியைச் சுட்டிய அப்படத்தை நகராண்மையினர் விரைவிலேயே வெள்ளையடித்து மறைத்தனர். இனிக்கும் சித்திரம் அஞ்சலட்டையாகிறது. உறுத்தும் சித்திரம் சுண்ணாம்புக்கு இரையாகிறது. பொதுக்கலையைப் போற்றுவதாகச் சொல்லும் நகரங்கள் எதைப் போற்றுகின்றன என்பதை இவ்விரு சுவர்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அரபு மொழியில் கட்டடத்தைக் குறிக்கும் 'இமாரத்' என்ற சொல்லும், ஆயுளைக் குறிக்கும் 'உம்ர்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மக்கள் கூடி வாழும் வாழ்வை அறிஞர் இப்னு கல்தூன் 'உம்ரான்' என்று அழைத்ததும் அவ்வேரிலிருந்தே. ஆள் வாழாத கட்டடம் எத்துணை உயர்ந்து நின்றாலும் அச்சொல்லின் முழுப் பொருளைப் பெறாது. நம் தமிழோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 'ஊர் சிரித்தது' என்கிறோம். சிரித்தது மண்ணும் மதிலும் அல்ல, மக்களே. இடவாகுபெயர் என்று இலக்கணம் இதற்குப் பெயரிட்டது. ஊர் என்றாலே அங்கு வாழ்வோர் என்று கொண்ட மொழி நம்முடையது.

பழைய அரபுக் கவிஞர்கள் காதலியின் கூட்டம் பெயர்ந்துபோன கூடாரத் தடங்களின் முன் நின்று அழுது தம் பாடலைத் தொடங்குவர். போனவர் போய்விட்டார் என்பதை அவர்கள் மறைத்ததில்லை. அத்தடங்களின்மேல் சிரிக்கும் முகங்களை வரைந்து, யாரும் போகவில்லை என்று நடித்ததும் இல்லை. அந்த நேர்மையைத்தான் நாம் சுவர்க்கலையிடம் வேண்டுகிறோம்.

சுவருக்கு வண்ணம் வாங்கும் எந்த நகரமும், அத்தெருவில் குடியிருப்போரின் வாடகை உரிமையை முதலில் எழுத்தில் உறுதி செய்யட்டும். சித்திரத்தால் வரும் வருவாயில் ஒரு பங்கு அவர்கள் கூரையைச் செப்பனிடச் செல்லட்டும். நம் பொறுப்பும் ஒன்றுண்டு. முன்னோர் வக்ஃபாக விட்டுச்சென்ற மனைகளும் வீடுகளும் பினாங்கில் மட்டுமல்ல, நம் ஊர்களிலும் உள்ளன. அவற்றை நிர்வகிப்போர் கூடுதல் வாடகை தரும் கடைக்காரரைத் தேடுமுன், அங்கே நெடுங்காலம் விளக்கேற்றி வந்த குடும்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வக்ஃபு அமானிதம், அதில் குடியிருப்போரும் அமானிதமே. அவர்களை இருத்திவிட்டுச் சுவருக்கு எவ்வண்ணம் பூசினாலும் நமக்கு உவப்பே.