நீலக்கோட்டின் உறுதி

அலைபேசி வரைபடத்தில் புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் குறித்ததும், சாலைகளின் வளைவு நெளிவுகளை ஒட்டி ஒரு நீலக்கோடு விழுகிறது. ஆட்டோவுக்கு எவ்வளவு கட்டணம், சாப்பாடு கொண்டுவருபவர் எந்தத் தெருவில் இருக்கிறார், பள்ளி வேன் இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இன்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். இப்படிச் சாலையை ஒட்டிக் கோடு வரைவது சரியான முறை. இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதைவிட மேலானது. ஆனால் உறுதியாகத் தெரிந்த பகுதியையும் ஊகித்த பகுதியையும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் வரைவது இந்த முறையின் பெருங்குறை. அந்தக் குறை தொழில்நுட்பத்தின் எல்லையிலிருந்து வரவில்லை, வடிவமைப்பவர்களின் தேர்விலிருந்து வருகிறது. அதனால் அதைத் திருத்தவும் முடியும், திருத்தியே ஆகவும் வேண்டும்.

முதலில் இந்த முறையின் வலிமையைப் பார்க்கலாம். சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், 1967-இல் கட்டி 1977-இல் இடிந்துபோன பாலம் ஒன்று இன்றும் குறையாக நிற்கிறது. வடகரையில் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரம். தென்கரையில் ஊரூர்க் குப்பமும் பெசன்ட் நகரும். வரைபடத்தில் அளந்தால் இரு கரைகளுக்கும் இடையே சில நூறு மீட்டர்தான். வண்டியில் போகிறவரோ துர்காபாய் தேஷ்முக் சாலைக்கு வந்து, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, அடையாறு வழியாக மறுபடியும் கடற்கரைப் பக்கம் திரும்பியாக வேண்டும். அது சில கிலோமீட்டர் சுற்று. நேர்கோட்டுத் தொலைவை வைத்து ‘அருகிலுள்ள மருந்துக்கடை’ என்று பட்டியலிடும் செயலி, சீனிவாசபுரத்தில் இருப்பவருக்கு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கடையை முதலில் காட்டிவிடும். தாம்பரத்தில் தண்டவாளத்தின் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கும், ஜிஎஸ்டி சாலையில் எதிர்ப்பக்கம் போக யூ-டர்ன் தேடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். ஆறு, ரயில் பாதை, சாலை நடுவே உள்ள தடுப்புச்சுவர், ஒருவழிப் பாதை ஆகியவை உண்மையான தூரத்தைத் தீர்மானிக்கும் நகரத்தில் நேர்கோடு மனிதருக்குப் பயன்படாது. கட்டணமும் காத்திருப்பும் கூலியும் சாலைத் தொலைவின்படி கணக்கிடப்பட்டால்தான் நியாயம்.

அந்தக் கோடு ஒரு கணக்கின் விடை. சாலைகளைச் சந்திப்புகளாகவும், சந்திப்புகளை இணைக்கும் துண்டுகளாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளத்தையோ நேரத்தையோ மதிப்பாகக் கொடுத்து, மொத்த மதிப்பு மிகக் குறைவாக வரும் தொடரைத் தேடுகிறார்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் இதற்கு ஒரு வழிமுறை கண்டார். அர்மாக் என்ற கணினியில் நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட எளிய வரைபடத்தை வைத்து அதைச் செய்து காட்டி, 1959-இல் வெளியிட்டார். பிறகு வந்தவர்கள் தேடலின் வேகத்தைக் கூட்டினார்கள். 2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் சாலை வலைப்பின்னலை முன்கூட்டியே படிநிலைகளாகச் சுருக்கி வைக்கும் முறையைத் தந்த பிறகு, ஒரு நாடு முழுவதற்குமான வழியைக்கூடக் கண் இமைக்கும் நேரத்தில் கணிக்க முடிந்தது. இந்தக் கணக்கில் பழுது சொல்ல இடமில்லை. கொடுத்த தரவுக்குள் மிகக் குறைந்த மதிப்புள்ள வழியை அது சரியாகவே கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒரு துண்டு தரவில் இருந்தால் அது தரையிலும் இருக்கிறது என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் விசாரிக்க அதற்கு வழியில்லை. கணக்கின் துல்லியம் வேறு, தரவின் உண்மை வேறு. திரையில் தெரியும் கோடு முதலாவதை மட்டுமே காட்டிக்கொண்டு, இரண்டாவதற்கும் தானே சாட்சி என்பதுபோல் நிற்கிறது.

கணித்த வழி அலைபேசிக்கு வந்து சேரும் விதத்திலேயே முதல் பிசகு நேரலாம். வழியிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நூறாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக்கி, முந்தைய புள்ளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுத்துகளாகச் சுருக்கி அனுப்புவது கூகுள் வகுத்த முறை. ஐந்து தசம இடங்கள் என்பது தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுணுக்கம். சாலைக்கு அது தாராளம். ஆனால் கூகுளின் வழிகாட்டும் சேவை முழு வழிக்கும் ஒரு சுருக்கக் கோட்டையும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனித்தனியே விரிவான கோடுகளையும் சேர்த்தே அனுப்புகிறது. சுருக்கக் கோடு நகரம் முழுவதையும் ஒரு பார்வையில் காட்டுவதற்கானது, தோராயமானது. நிரலாளர்கள் பலர் எளிதாக இருக்கிறதென்று அதையே எடுத்து வரைந்துவிடுகிறார்கள். பயனர் விரலால் பெரிதாக்கியதும் கோடு தெரு முனையை வெட்டிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இது சிறு குறை. திருப்பங்களின் கோடுகளை வரிசையாக ஒட்டினால் தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தவறு என்பதால் யாரையும் ஏமாற்றுவதுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்தானது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், செயலி காட்டிய விரைவு வழியில் வந்த ஒரு கார் காவலர் குடியிருப்பைக் கடந்து படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நடந்து போகிறவருக்கு அந்தப் படிக்கட்டு நல்ல வழி, காருக்கு வழியே இல்லை. ஆனால் திரையில் தார்ச்சாலைக்கும் படிக்கட்டுக்கும் ஒரே நீலம். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில், பரேலிக்கும் பதாவுனுக்கும் இடையே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி அதற்கு முன்பே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வரைபடச் செயலியைப் பார்த்து ஓட்டி வந்தார்கள் என்று செய்திகள் தெரிவித்தன. இரண்டு நிகழ்ச்சிகளிலும் கோடு சாலையை விட்டு விலகவில்லை. தரவில் இருந்த சாலையை அது நேர்த்தியாகவே ஒட்டிச் சென்றது. அந்த நேர்த்தியைக் கண்டுதான் மனிதர்கள் அதை நம்பினார்கள். கோணல்மாணலான கோடாக இருந்தால் ஓட்டுநர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்திருப்பார். வளைவுக்கு வளைவு பொருந்தி வரும் கோடு, யாரோ நேரில் போய்ப் பார்த்து வரைந்தது போன்ற எண்ணத்தை உண்டாக்குகிறது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, ஓட்டுகிறவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்பது. வேண்டும்தான். ராம்கங்கா விபத்தில் பாலத்தின் வாயிலில் தடுப்பு வைக்காத பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானது, அதுவும் நியாயமே. ஆனால் பொறுப்பில் பலருக்குப் பங்கு உண்டு என்பதால் ஒருவருடைய பங்கு இல்லாமல் போய்விடாது. இரவில், தெரியாத ஊரில், ஓடும் வண்டியிலிருந்து சில விநாடி பார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி இது. ‘எனக்குத் தெரியாத வழியை நீ காட்டு’ என்று கேட்பவரிடம், காட்டிய பிறகு ‘நீயே சரிபார்த்துக்கொள்’ என்று சொல்வது பதிலாகாது. எந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்பதையாவது கோடு சொல்ல வேண்டும். வழி நெடுக ஒரே அளவு விழிப்போடு இருக்க யாராலும் முடியாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் உறுதியில்லை என்று தெரிந்தால் அங்கே வேகத்தைக் குறைக்க எல்லோராலும் முடியும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல் ஒன்று இருக்கிறது. போக வேண்டிய வழி, போய்க்கொண்டிருக்கும் வழி, போய்வந்த வழி என்று மூன்று வெவ்வேறு செய்திகளைச் செயலிகள் ஒரே மாதிரிக் கோட்டால் காட்டுகின்றன. முதலாவது பரிந்துரை, இரண்டாவது முன்கணிப்பு, மூன்றாவது சாட்சியம். திறந்த வானத்தின்கீழ் அலைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அதுவும் தடுமாறும். அப்படிச் சிதறி விழும் புள்ளிகளை அருகிலுள்ள சாலையோடு பொருத்துவதற்கு, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நியூசனும் கிரம்மும் 2009-இல் வெளியிட்ட நிகழ்தகவு முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. வண்டி இந்தப் புள்ளியில் இருந்திருந்தால் அடுத்த புள்ளிக்கு எந்தச் சாலை வழியே வந்திருக்கக்கூடும் என்று சேர்த்துக் கணித்து, மிகவும் பொருந்தும் தொடரை அது தேர்ந்தெடுக்கிறது. சிறந்த முறைதான்; ஆனால் அதன் விடை ஓர் ஊகம். மேம்பாலத்தின் மேலே போனாரா, அடியில் போனாரா, பிரதான சாலையிலா, பக்கத்து சர்வீஸ் ரோட்டிலா என்பதை ஐந்து மீட்டர் பிசகுள்ள புள்ளிகளால் பல நேரம் பிரித்தறிய முடியாது. தரவில் இல்லாத புதுச் சாலையில் ஒருவர் போயிருந்தால், அவரைப் பழைய சாலைக்கு இழுத்து வந்து ஒட்டிவிடும்.

உணவு கொண்டுபோகும் தொழிலாளியின் கூலியும், சவாரி ஓட்டுநர் மீதான ‘சுற்றுவழியில் வந்தார்’ என்ற புகாரும், விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணையும் இந்த மூன்றாவது கோட்டைப் பொறுத்தவை. மெட்ரோ பணிக்காகத் தெருவை அடைத்திருந்ததால் சுற்றி வந்தவருக்கு, கணித்த குறுக்குவழியின் தூரத்தை மட்டும் கணக்கில் வைத்துப் பணம் கொடுத்தால் அவர் ஓட்டிய தூரம் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். இங்கே எழும் மறுப்பு, பொருத்தாமல் விட்டால் கோடு கூரை மேலும் குளத்துக்குள்ளும் ஓடும், தூரமும் தாறுமாறாகக் கூடும் என்பது. உண்மைதான், நின்றுகொண்டிருக்கும் வண்டிகூட ஜிபிஎஸ் ஆட்டத்தால் நகர்வதாகப் பதிவாகும். அதனால் பொருத்துவதைக் கைவிடச் சொல்ல முடியாது. பொருத்திய கோட்டோடு மூலப் புள்ளிகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சர்ச்சை வந்தால் இரண்டையும் இரு தரப்புக்கும் காட்ட வேண்டும். சாட்சியத்தை மெருகேற்றியவர் மூலத்தைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்வது நீதியாகாது.

உறுதியின்மையைக் காட்டினால் மக்கள் குழம்புவார்கள், கோடு எளிமையாக இருப்பதே அதன் வெற்றி என்பது வடிவமைப்பாளர்களின் மறுப்பு. ஆனால் பழகிய பல அடையாளங்களே அதற்குப் பதிலாக இருக்கின்றன. நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று விரிந்தால், இடம் சரியாகப் பிடிபடவில்லை என்று எல்லோரும் புரிந்துகொள்கிறோம். நெரிசலுக்குச் சிவப்பு, நடக்க வேண்டிய பகுதிக்குப் புள்ளிக்கோடு என்பதை யாரும் பாடம் எடுத்துக் கற்பிக்கவில்லை. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் கப்பிச் சாலைக்கு முழுக்கோடும் மண் சாலைக்கு விட்டுவிட்டு வரும் கோடும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. காகித வரைபடத்தில் வழங்கிய அந்த மரபு அலைபேசித் திரைக்கு வரும்போது தொலைந்துபோனது. அதை மீட்பது புதுமை ஆகாது. வண்டி போகுமா என்று தெரியாத துண்டையும், நெடுநாளாக யாரும் சரிபார்க்காத பாலத்தையும் விட்டுவிட்டு வரும் கோடாக வரைந்தால் போதும். திரையில் ஒரு சொல்கூட அதிகமாகத் தேவையில்லை.

அப்படிக் காட்ட தரவு வேண்டுமே என்றால், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையின் அகலம், மேல்தளம், படிக்கட்டா வண்டிப்பாதையா, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதையெல்லாம் பதிய இடம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதன் மேல் அமைத்த ஒரு வரைபடத்தில் சென்னை மக்கள் தங்கள் தெருக்களைத் தொட்டுத் தண்ணீர் நிற்பதைக் குறித்தார்கள். தரையில் நிற்பவரின் அறிவு சில நிமிடங்களில் கோட்டில் ஏற முடியும் என்பதை அது காட்டியது. பெரிய நிறுவனங்களும் மாறுகின்றன. கூகுள் 2017-இல் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்குத் தனி வழி தந்தது. 2024-இல் குறுகலான சாலைகளைக் காரில் வருகிறவருக்கு அடையாளம் காட்டும் வசதியைச் சென்னையும் கோவையும் உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. சாலையைப் பற்றித் தெரிந்ததைத் திரையிலும் சொல்லலாம் என்ற கொள்கையை இதன்மூலம் அவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதைக் குறுகலோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துண்டின் நம்பகத்தன்மைக்கும் நீட்ட வேண்டும்.

சிறு செயலிகளை உருவாக்குகிறவர்களுக்குச் செலவு ஓர் உண்மையான தடை. வழி கேட்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் என்றால், ஐம்பது வண்டிகளை வைத்திருக்கும் ஒரு பால் விநியோகக்காரருக்கு அது சுமைதான். ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வல்ஹல்லா போன்ற திறந்த மென்பொருள்கள் அந்தச் சுமையைக் குறைக்கும். நாள்தோறும் மாறாத வழியை ஒருமுறை கணித்துச் சேமித்து வைத்துக்கொள்வதும் உதவும். அதுவும் இயலாதபோது இரு இடங்களை ஒரு மெல்லிய நேர்கோட்டால் இணைத்து, ‘இது வழி அன்று, திசை மட்டும்’ என்று எழுதிவிடலாம். அந்த நேர்கோட்டின் நீளத்தை வைத்துக் கட்டணமோ கூலியோ கணக்கிடாமல் இருந்தால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் நீலக்கோட்டைவிட அது நேர்மையானது.

ஆகவே இந்த முறையை எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். வரையப்பட்ட துண்டு எந்த வண்டிக்கு, எப்போது சரிபார்த்த தரவின்படி வழி என்பது கோட்டிலேயே தெரிகிறதா? பரிந்துரையும் முன்கணிப்பும் சாட்சியமும் வெவ்வேறு தோற்றத்தில் இருக்கின்றனவா? கோட்டால் பாதிக்கப்படுகிறவர் அதன் மூலத் தரவைக் கேட்டுப் பெறவும், தவறென்றால் திருத்தவும் முடிகிறதா? இன்றைய செயலிகள் பெரும்பாலானவை இந்த மூன்றிலும் தேறாது. ஆனால் மூன்றுக்கும் வேண்டிய கணக்கும் தரவும் வரைகலை மரபும் நம்மிடம் இருக்கின்றன. சாலையை ஒட்டி வளையத் தெரிந்த கோட்டுக்கு, தன் உறுதி எங்கே முடிகிறது என்று சொல்லவும் கற்றுக்கொடுப்பது அதை உருவாக்குகிறவர்களின் கடமை. நகரங்களும் அரசுத் துறைகளும் இந்தச் செயலிகளைப் பொதுச் சேவைகளுக்கு வாங்கும்போது ஒப்பந்தத்திலேயே இதை நிபந்தனையாக வைத்தால், அந்தக் கடமை விருப்பமாக இல்லாமல் விதியாகிவிடும்.