முன்னொட்டு இல்லாத ஒரு பெயர்: எமது திருமண அழைப்பிதழ்கள் குறித்து

எமது சஞ்சிகைகள் கவிதைத் தொகுதிகளை விமர்சிக்கின்றன, நாவல்களை விமர்சிக்கின்றன, சிலவேளைகளில் விமர்சனங்களையே விமர்சிக்கின்றன. ஆனால் வீட்டுக்கு வீடு நுழைகின்ற, ஒரு சொல்லுக்காக இரண்டு குடும்பங்கள் முகம் முறித்துக்கொள்கின்ற ஓர் அச்சுப்பிரதியை நாம் வாசிப்பதேயில்லை. திருமண அழைப்பிதழைத்தான் சொல்கிறேன்.

லாச்சப்பலில், சென் தெனி வீதியில், புடைவைக் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே மாதிரி அழைப்பிதழ்களைப் புரட்டிப் பார்க்கும் குடும்பங்களைக் காணலாம். பிள்ளையார் படமா, குத்துவிளக்கா, தங்க எழுத்தா, உறை என்ன நிறம் என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். முன்னர் விரிவுரையாளனாக இருந்தவன் என்பதால், இப்போது பொதிசெய்யும் ஆலையில் நிற்கிற என்னிடமும் சிலர் அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்க்கத் தருவார்கள். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் எவரும் சண்டை பிடிப்பதில்லை. யாருடைய பெயர், எந்த இடத்தில், எந்த அடைமொழியோடு என்பதில்தான் சண்டை.

இப்பிரதியின் கட்டமைப்பைப் பாருங்கள். முதலில் பிள்ளையார் சுழி. பின்னர் ஆண்டு, மாதம், நட்சத்திரம், சுபமுகூர்த்தம். அதன்பின் இன்ன ஊர் இன்னார் தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரன், இன்னார் தம்பதிகளின் கனிஷ்ட புத்திரி. யாழ்ப்பாணத்தில் ஊரோடு குறிச்சியும் சேர்ந்தால் சாதியை வேறாக எழுதவேண்டியதில்லை, அறிந்தவர் அறிந்துகொள்வர். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருகிற கனடா, லண்டன், சுவிஸ் என்பன புதிதாகச் சேர்ந்த பட்டங்கள். காணியையும் வீட்டையும் விட்டுவந்த சமூகம் தனது படிநிலையை ஒரு மடித்த மட்டையில் காவிக்கொண்டு வந்திருக்கிறது.

இதில் பெண்ணின் இடம் என்ன? ‘திரு. திருமதி இன்னார்’ என்று கணவனின் பெயரை எழுதினால் மணமகளைப் பெற்றவளின் பெயர் அங்கே இல்லாமற் போகிறது. இது எம்மவரின் தனிச்சொத்து அல்ல. பிரெஞ்சு மத்தியதர வர்க்கத்தின் பழைய அழைப்பிதழும் மனைவியைக் கணவனின் பெயருக்குள்ளேயே அடக்கியது. ஆனால் இந்நாட்டின் சட்டம் 1794இலிருந்து பிறப்புப் பதிவில் உள்ள பெயரையே ஒருவரது பெயராகக் கொள்கிறது. மதச்சடங்குக்கு முன் நகரசபையில் நடந்தாக வேண்டிய திருமணத்துக்காகப் பத்து நாட்கள் ஒட்டப்படும் அறிவித்தலில் மணமக்களின் பெயர், தொழில், வதிவிடம், திருமணம் நடக்கும் இடம் என்பன மாத்திரமே இருக்கும். சிரேஷ்டமும் இல்லை, கனிஷ்டமும் இல்லை.

இவற்றை நாம் முன்பும் பேசியிருக்கிறோம். பேசாதது ஒன்று உண்டு. எமது அழைப்பிதழில் ஒரு தகப்பனுக்கு இரண்டே இரண்டு நிலைகள்தான் உள்ளன: ஒன்று ‘திரு’, மற்றது ‘காலஞ்சென்ற’. 2009க்குப் பின்னர் இவ்விரண்டிலும் அடங்காத தகப்பன்மாரின் பிள்ளைகள் இப்போது கலியாண வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அண்மையில் என்னிடம் வந்த பிரதி அப்படியானது. மணமகளின் தந்தை 2009 மே மாதம் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர். பின்னர் ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ‘காலஞ்சென்ற’ என்று போடச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தகப்பன் எங்கே என்று சனம் கேட்குமாம். தாய்மாமன் வேறு வழி சொல்கிறார்: அழைப்பவராகத் தன்னையும் மனைவியையும் போட்டுவிடலாம், தாரை வார்ப்பதும் தாங்கள்தானே என்கிறார். தாய் சொன்னது இது: “சேர், அவர் செத்ததெண்டு நான் இண்டைவரைக்கும் ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வைக்கேல்லை. இதில மட்டும் எப்பிடிப் போடுறது?”

இதனை ஒரு தாயின் மனவருத்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் வீதியோரம் குந்தியிருந்த தாய்மாரும் மனைவிமாரும் இதையேதான் சொன்னார்கள்: மரணச் சான்றிதழ் வேண்டாம், ஆள் எங்கே என்று சொல்லுங்கள். இலங்கை அரசே 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக் குடியியற் சட்டத்திலும் இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாதவருக்குத் தனி இடம் உண்டு. காணாமற்போனவராகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மரணத்துக்குச் சமமான விளைவுகளுடன் அதனை உறுதிப்படுத்தக் கேட்கலாம். இரண்டு அரசுகளின் கோவைகளிலும் இருக்கிற இடம் எமது அழைப்பிதழில் இல்லை. அரசு கேட்டுக் கிடைக்காத கையெழுத்தைச் சம்பந்தி வீடு அச்சகத்தில் வைத்துக் கேட்கிறது.

மாமனின் யோசனை நல்லெண்ணம் கொண்டதுதான். ஆயினும் அதன் கருத்தியல் என்ன? கணவன் அருகில் இல்லாத பெண் மணவறைக்கு ஆகாதவள் என்ற பழைய விலக்கு, உதவி என்ற பெயரில் அச்சேறுகிறது. தகப்பனும் மறைகிறார்; பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் தனியே பிள்ளையை வளர்த்தவரும் மறைகிறார்.

“கலியாணக் காட் என்ன அரசியல் துண்டுப்பிரசுரமா?” என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நல்ல நாளில் துயரம் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. நான் துயரத்தை அச்சிடச் சொல்லவில்லை. உறுதியாகாத ஒரு மரணத்தை அச்சிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அழைப்பிதழின் மரபு மாறாதது என்ற வாதமும் நிற்காது. ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ திருமண அழைப்பிதழானதும் ‘ஸ்ரீமான்’ திரு ஆனதும் தனித்தமிழாலும் திராவிட இயக்கத்தாலும். தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் நிறைவேறிய திருத்தம் சட்ட ஏற்பைத் தந்தபோது, அத்தகைய திருமணங்கள் ஏற்கெனவே பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தன. சனங்கள் முதலில் செய்தார்கள். சட்டம் பிறகு வந்தது.

ஆகவே தாயிடம் நான் சொன்னது மிக எளிமையான திருத்தம். அழைப்பவர் தாய், ‘திருமதி’க்குப் பின்னால் கணவனின் பெயரல்ல, அவருடைய சொந்தப் பெயர். மணமகளின் வரியில் ‘இன்னாரினதும் இன்னாரினதும் மகள்’ என்று இருவர் பெயரும். தகப்பனின் பெயருக்கு முன்னால் திருவும் வேண்டாம், காலஞ்சென்றவும் வேண்டாம். பெயர் மட்டும் நிற்கட்டும்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நாள் யோசித்தார்கள். மணமகன் தனது தாயின் பெயரையும் அவ்வாறே போடச் சொல்லிவிட்டான். சனம் கேட்கும் என்று அவர்கள் பயந்தது உண்மைதான், கேட்கத்தான் போகிறது. அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு போகட்டும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அந்தத் தாய் அல்லர்.