வீட்டிலிருக்கும் முதியோரும் சபையின் பட்டியலும்: ஒரு திறனாய்வு

ஆயர் ஒருவர் புதிய சேகரத்தில் பொறுப்பேற்கும்போது அவரிடம் ஒப்படைக்கப்படும் ஏடுகளுள், ஆலயத்திற்கு வர இயலாதோரின் பட்டியலும் ஒன்று. பெயர், வயது, முகவரி, நோயின் தன்மை, திருவிருந்து கொடுக்கப்பட்ட நாள் ஆகிய ஐந்து கட்டங்களே பெரும்பாலும் அதில் காணப்படும். இப்பட்டியலை இகழ்வது நம் நோக்கமன்று. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மாதந்தோறும் வீடு வீடாகச் சென்று அதனை நிறைவு செய்யும் ஆயர்களும் உபதேசியார்களும் நம்மிடையே உள்ளனர். ஆயினும், அம்முதியவர் எதை அறிவார், யாருடன் பேசுகிறார், நாள்தோறும் என்ன செய்கிறார், சபையின் காரியங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பவற்றுள் ஒன்றையேனும் இவ்வைந்து கட்டங்களும் கேட்கவில்லை. அவர் பெற்றுக்கொள்பவராகவும் நாம் கொடுப்பவர்களாகவும் மட்டுமே அதில் காட்சியளிக்கிறோம். இவ்வுறவையே நாம் "தொடர்பு" என்று பெயரிட்டு ஆண்டறிக்கையிலும் எழுதி வருகிறோம். அது தொடர்புதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை வடசென்னையில் வைத்து எழுப்புவதற்குக் காரணமுண்டு. மணலியை அடுத்த மாத்தூர், 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. இன்று மணலி மண்டலத்தில் அடங்கியது. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் குடியிருப்பை, அக்குழுமத்தின் பெயர் மாறி நெடுநாளான பின்னும், மக்கள் எம்.எம்.டி.ஏ. என்றே அழைக்கின்றனர். அருகே 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத்தொழிற்சாலையும், அவற்றைச் சூழ்ந்த இரசாயன ஆலைகளும் உள்ளன. கிழக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், அப்பால் கடலும். துறைமுகத்திலும் இவ்வாலைகளிலும் உழைத்தவர்கள் பலர் இப்பகுதியில் சிறு வீடு கட்டிக் குடியேறினர். அவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டிவிட்டனர். பிள்ளைகள் விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்புகின்றனர். சிலருடைய பிள்ளைகள் திரும்பி வராத தொலைவில் இருக்கின்றனர். பகலெல்லாம் வீட்டிலிருப்பவர் முதியவரே. பாதுகாப்புக் கருதி வெளிப்புற இரும்புக் கதவைப் பூட்டிச் செல்லும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. இப்பூட்டைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

அரசு இப்போது முதியோரின் வாசலுக்கே வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே சேர்க்கிறது. ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்னும் சான்றைத் தபால்காரர் வீட்டிற்கு வந்து விரல்ரேகை பதிந்து அனுப்பும் வசதியும் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயதைக் கடந்தோர், விரும்பினால், வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவ்வயது எண்பத்தைந்தாக உயர்த்தப்பட்டது. இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் மாத்திரை கொண்டுவருபவர் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்கிறார்; விரல்ரேகை வாங்குபவர் உயிர் உண்டா என்று கேட்கிறார். உமது கருத்து என்ன என்று கேட்பது வாக்குச்சீட்டு ஒன்றே. முற்காலத்தில் உதவித்தொகையை மணியார்டராகக் கொண்டுவந்த தபால்காரர், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தெருச் செய்தியையும் சொல்லிச் செல்வார். திரும்புகையில் அவ்வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டிற்குக் கொண்டுபோவார். பணம் வங்கியின் வழியே வரத் தொடங்கியபின் இப்போக்குவரத்து நின்றுவிட்டது.

செய்தி நின்றுபோவது வேறிடத்தில் ஒரு மனக்குறையாக முடியலாம். எண்ணூர் வட்டாரத்தில் அது உயிரைத் தொடுகிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, கரையோர வீடுகளின் சுவர்களில் கருமையாகப் படிந்தது. அந்தக் கறை காயுமுன், டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத்தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மூச்சுத்திணறிக் கண்ணெரிச்சலோடு இருளில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உறங்கியவர்களை எழுப்பியவை அவர்களுடைய மூக்கும், கதவைத் தட்டிய அண்டை வீட்டாரின் கையுமே. அவ்வாண்டு அக்டோபரில்தான் அவசரகால எச்சரிக்கைக்கான சோதனைச் செய்தி ஒன்று தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் அலறியிருந்தது. பல முதியோர் அதனைக் கேட்டு அஞ்சி, பேரப்பிள்ளை வரும்வரை கைப்பேசியைத் தொடவில்லை.

மாத்தூரைச் சுற்றி அஞ்சத்தக்கது வாயு மட்டுமன்று. புழல் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போது வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் ஆகிய கால்வாய்க்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை விடப்படுகிறது. அவ்வறிவிப்பு தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் எழுத்தாகவும், செயலியில் தோன்றும் வரியாகவும் வருகிறது. கண்புரை மூடிய கண் அதனை எங்ஙனம் படிக்கும்? மின்சாரம் நின்றபின் தொலைக்காட்சி எதைக் கூறும்?

இதற்கு மறுபுறமும் உண்டு. நம் பட்டியல் தவறவிடுவது அதனையே. முப்பது ஆண்டுகள் சுத்திகரிப்பு ஆலையில் பணியாற்றியவர், காற்றில் வரும் நெடி கந்தகத்தினுடையதா, அம்மோனியாவினுடையதா, அடுப்பெரிவாயுவினுடையதா என்பதைச் சன்னலருகே அமர்ந்தவாறே கூறவல்லவர். எந்த வாயு வந்தால் ஈரத்துணியை முகத்தில் பிடிக்கவேண்டும், காற்றின் எத்திசைக்கு விலகவேண்டும் என்பதைப் பயிற்சியாகவே கற்றவர். 1976-இல் தொடங்கி 2015 வரை வந்த பெருவெள்ளங்களில் நீர் எந்தத் தாழ்நிலத்தில் முதலில் ஏறியது என்பதைப் பழங்குடிகளின் மூதாட்டிகள் தெருவாரியாகச் சொல்வர். நகரம் முழுவதும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தெருவிலேயே இருப்பவர்களும் இவர்களே. இத்தகையவரை நாம் ஏட்டில் எவ்வாறு பதிந்திருக்கிறோம்? "வயது 78, மூட்டுவலி."

பட்டியலுக்குத் திருமறையிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரம், அறுபது வயதிற்குக் குறையாத விதவைகளைப் பதிவு செய்வதைப் பற்றிப் பேசுகிறது. இது உதவி பெறுவோரின் பட்டியலா, திருப்பணி ஏற்றோரின் பட்டியலா என்பதில் உரையாசிரியர்கள் ஒருமனப்படவில்லை. இரண்டையும் பிரிக்கும் பழக்கம் நம்முடையதேயன்றி அச்சபையினுடையதன்று எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது: சபை அவர்களைப் பொருளால் தாங்கியது, அவர்கள் சபையை மன்றாட்டினால் தாங்கினர். இரண்டாம் நூற்றாண்டில் பொலிகார்ப்பு பிலிப்பியருக்கு எழுதுகையில் விதவைகளை இறைவனின் பலிபீடத்திற்கு ஒப்பிட்டார். இதைவிட உயர்ந்த பெயர் சபையில் எவருக்கும் சூட்டப்பட்டதில்லை எனலாம். ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் சீரியாவில் எழுந்த "டிடாஸ்காலியா" என்னும் சபை ஒழுங்குநூலில் அவ்வுவமைக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். பலிபீடம் இடம்விட்டு இடம் நகர்வதில்லை; ஆகவே விதவையும் வீட்டைவிட்டு நகரலாகாது என்று அந்நூல் வாதிக்கிறது. எவரேனும் உபதேசம் கேட்டு வந்தால், தானே விரிவாக விடையளியாமல் சபைத் தலைவர்களிடம் அனுப்பிவிட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. மேன்மைப்படுத்தும் சொல்லே அடைத்துவைக்கும் சொல்லாயிற்று. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இச்செய்தியை நாம் பழங்கதையாக எண்ணிவிடலாகாது. "எங்கள் சபையின் ஜெபத் தூண்கள்" என்று மேடையில் முதியோரைப் புகழ்ந்துவிட்டுச் சேகரக் கமிட்டியின் எம்முடிவிலும் அவர்கள் எண்ணத்தைக் கேளாதிருக்கும்போது நாமும் அந்நூலின் மாணாக்கரே. தூணும் பலிபீடத்தைப் போலவே நகராத பொருள்.

2020-ஆம் ஆண்டு இதனை நமக்குத் தெளிவாகக் காட்டியது. மார்ச்சு இறுதியில் ஆலயங்கள் அடைக்கப்பட்டன. பின்னர்த் திறக்க அனுமதி வந்தபோதும் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். நாம் யூடியூபில் ஆராதனையை ஒளிபரப்பினோம். பார்த்தோர் எத்தனை பேர் என்று எண்ணி மகிழ்ந்தோம். அந்நாட்களில் நான் அறிந்த ஒரு சேகரத்தில், பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த மூதாட்டியர் சிலர் தாமாகவே ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டனர். காலையில் ஒருவர் அடுத்தவரைச் சாதாரணத் தொலைபேசியில் அழைப்பார். அவர் மற்றொருவரை அழைப்பார். சுற்று முடிந்து முதலாமவருக்கே அழைப்பு வரவேண்டும். எங்கேனும் சங்கிலி அறுந்தால் யாருக்கோ உடல்நலமில்லை என்பது பொருள். மருந்து கிடைக்கும் கடை, இறந்தவர் பெயர், அரிசி வழங்கும் நாள் எல்லாம் அச்சங்கிலியில் ஓடின. ஆலயம் மீண்டும் நிறைந்தபின் ஒளிபரப்பைத் தொடர நாம் புதிய கேமரா வாங்கினோம். சங்கிலியைத் தொடர எவரும் எதுவும் செய்யவில்லை, அது நின்றுபோயிற்று. ஒளிபரப்பில் பேசுபவர் நாம், கேட்பவர் அவர். சங்கிலியில் அவரும் பேசினார். எதற்குப் பணம் ஒதுக்கினோம் என்பதை இறையியலார் கவனித்தல் நலம்.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். அது நியாயமான தடையே. வாழ்நாளெல்லாம் உழைத்துக் களைத்தவருக்கு முதுமையிலும் வேலை கொடுப்பதா? ஓய்வு இறைவன் அளித்த உரிமையன்றோ? மேலும், "முதியோரைச் செயலூக்கம் உடையோராக ஆக்குவோம்" என்னும் பேச்சு பெரும்பாலும் ஓய்வூதியம் பெறும் ஆடவரை மனத்திற்கொண்டு எழுந்தது. நம் தெருக்களில் எழுபது வயதுப் பாட்டி தண்ணீர்க் குடத்தை வரிசையில் வைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருமகள் திரும்புமுன் உலை வைக்கிறார். அவரிடம் சென்று செயலூக்கத்தைப் பற்றிப் போதிப்பது நகைப்புக்கிடமானது. அவருக்குத் தேவை பகலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசத் துணை. நினைவு தப்பியவர், படுக்கையில் வீழ்ந்தவர் ஆகியோரை எண்ணினால் தடை இன்னும் வலுப்பெறுகிறது. பயன்படுவோரைப் பட்டியலில் சேர்த்துப் பயன்படாதோரை விடுவோமாயின் கொடுமையே செய்தவராவோம். தீமோத்தேயு நிருபத்தின் பட்டியலும் இக்குறைக்கு முற்றிலும் தப்பவில்லை: நற்செயல்களுக்குப் பெயர்பெற்றவளாயிருக்க வேண்டும் என்பன போன்ற தகுதிகளை அது விதிக்கிறது, தகுதி பெறாத விதவை எங்கே போனாள் என்று நமக்குச் சொல்லவில்லை. ஆகவே நாம் கோருவது உழைப்பையன்று. பேச முடிந்தவரிடம் கேட்பதும், பேச முடியாதவர் இருக்கும் இடத்தை அண்டையார் அறிந்திருக்கச் செய்வதுமே நாம் கோருவது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சுட்டுகிறது. 1995 சூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீசிய அனலில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனித்து வாழ்ந்த முதியோரே அவர்களுள் மிகுதி. அதனை ஆராய்ந்த எரிக் கிளைனன்பர்க் என்னும் சமூகவியலாளர், ஏழ்மையில் ஏறத்தாழ ஒத்த இரு அண்டைப் பகுதிகளுள், கடைத்தெருவும் மனித நடமாட்டமும் இருந்த பகுதியில் சாவு மிகக் குறைந்திருந்ததை எடுத்துக்காட்டினார். 2011-இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் மாண்டோருள் ஏறத்தாழ மூன்றில் இருவர் அறுபது வயதைக் கடந்தோர். அதன்பின் 2013-இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, ஆபத்தில் தாமே வெளியேற இயலாதோரின் பட்டியலை ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டுமென விதித்தது. ஆங்கும் பெயர் எழுதுவது எளிதாயிற்று. இன்னாரை இன்னார் அழைத்துச் செல்வார் என்று வீட்டுக்கு வீடு முடிவு செய்வது கடினமாயிற்று. அதற்கென 2021-இல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டது.

நம் சேகரங்களால் சட்டம் இயற்ற முடியாது. ஏட்டில் கட்டங்களைக் கூட்ட முடியும். பூட்டிய வீட்டின் மறுசாவி யாரிடம் இருக்கிறது? இரவில் முதலில் அழைக்கத்தக்கவர் யார்? அவருக்குக் காது கேட்குமா, எழுத்துத் தெரிகிறதா? எந்த ஆலையில் என்ன பணி செய்தவர்? நாள்தோறும் அவர் யாரை அழைக்கிறார். அவரை அழைப்பவர் யார்? இவற்றை அவரிடமே கேட்டு எழுதுவதற்கு ஒரு வீட்டில் அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது. விடையளிக்கையில் அவர் அடுத்த வீட்டு முதியவரைப் பற்றியும் கூறுவார். அவர் நம் சபையினர் அல்லாதவராக இருக்கக்கூடும். அவர் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். டிசம்பர் இரவில் கதவைத் தட்டியவர்கள் உள்ளே இருப்பவர் எச்சமயத்தார் என்று கேட்டுவிட்டுத் தட்டவில்லை. எழுதிய ஏடு ஆயரின் பேழைக்குள் உறங்கவும் கூடாது. தெருவுக்கு ஒருவர் அதன் படியை வைத்திருக்க வேண்டும். அவ்வொருவர் வீட்டைவிட்டு வெளியே வராத முதியவராகவே இருப்பினும் பழுதில்லை, தொலைபேசி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்குமாயின்.

ஐக்கிய நாடுகள் சபை 1990-இல் முடிவு செய்தபடி அக்டோபர் முதல் நாள் முதியோர் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டி நம் சபைகளிலும் முதியோர் ஞாயிறு வருகிறது. சால்வை போர்த்தி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, புகைப்படம் எடுக்கிறோம். சென்னையின் வெக்கையில் சால்வையை எப்போது போர்த்திக்கொள்வார்களோ, அறியோம்; சில வீடுகளில் ஐந்தாறு சால்வைகள் பிரிக்கப்படாமலே அடுக்கியிருக்கக் கண்டதுண்டு. வடகிழக்குப் பருவமழையும் அம்மாதத்திலேயே தொடங்குகிறது. இவ்வாண்டு சால்வை கொண்டுசெல்பவர் கையில் அந்த ஏட்டையும் கொடுத்தனுப்பி, மறுசாவி யாரிடம் என்னும் கட்டத்தை முதலில் நிரப்பி வரச் சொல்லலாம்.