எண்ணாக்கப்பட்ட சமூகம்: இர்மா அடெல்மனின் ஆய்வுகள் குறித்து

பொருளியலைத் தமிழில் பயிற்றுவிப்போர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உற்பத்தி பெருகுவதையும் மக்கள் வாழ்வு உயர்வதையும் 'வளர்ச்சி' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். முன்னதை வளர்ச்சி என்றும் பின்னதை மேம்பாடு என்றும் நாம் இங்கு வழங்குவோம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஆய்வின்வழி நிறுவ முயன்றவர் இர்மா அடெல்மன் (1930–2017). ருமேனியாவில் பிறந்த இவர், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1955இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அங்கேயே பேராசிரியராகவும் விளங்கினார்.

சிந்தியா டாஃப்ட் மோரிசுடன் இணைந்து 1967இல் அவர் வெளியிட்ட நூல், சமூகம், அரசியல், பொருளாதார மேம்பாடு ஆகியவற்றின் தொடர்பை அளவிட முற்பட்டது. முதலீடும் சேமிப்புமே பெரிதும் பேசப்பட்ட காலம் அது. 74 நாடுகளை 41 குறியீடுகளால் மதிப்பிட்டு, காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினர். வறிய நாடுகளிடையே காணும் வருமான வேறுபாட்டோடு சமூகக் காரணிகளே நெருங்கிய தொடர்புடையன என்பது அவர்களது முடிவு.

இங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது. எழுத்தறிவையும் பிறப்பு விகிதத்தையும் எண்ணலாம். 'நோக்கின் நவீனத்தன்மை'யை எவ்வாறு எண்ணுவது? அதற்கு எழுத்துத் தரம் வழங்கி, அத்தரத்தை எண்ணாக மாற்றினர். ஒரே கட்டுரைக்கு ஓராசிரியர் 62 புள்ளியும் மற்றொருவர் 70 புள்ளியும் இடுவதை நாம் அறிவோம். மேலும், செல்வ நாடுகளை ஒத்திருப்பதே நவீனம் எனக் கொண்டால், அது வருமானத்தோடு இணைந்து காணப்படுவதில் வியப்பில்லை. விடையின் ஒரு பகுதி அளவுகோலிலேயே அமைந்துவிடுகிறது. தொடர்பு வேறு, காரணம் வேறு என ஆசிரியர்களே எச்சரித்துள்ளனர் என்பதையும் மறைத்தல் தகாது.

எனினும், எம் கருத்தில் இவர்களது 1973ஆம் ஆண்டு நூலே கூடுதல் மதிப்புடையது. 43 நாடுகளின் வருமானப் பங்கீட்டை ஆராய்ந்த அந்நூல், வளர்ச்சியின் தொடக்கத்தில் மிக வறியோரின் பங்கு மட்டுமன்றி, அவர்தம் வருமானமே குறையக்கூடும் என்றது. வளர்ச்சியின் பயன் தானே கீழிறங்கும் என நம்பியோர்க்கு இது கசப்பான செய்தி. ஒரே காலத்துப் பல நாடுகளை ஒப்பிட்டு, ஒரு நாட்டின் காலப்போக்கை ஊகித்தது இதன் குறை. அக்குறையை மீறியும் வினா நிலைத்தது.

அவ்வினாவுக்கு அவர் விடை தேடிய இடம் தென்கொரியா. அந்நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு (1967–71) ஆலோசனை வழங்கியவர் அவர். ஷெர்மன் ராபின்சனுடன் 1978இல் வெளியிட்ட கொரிய ஆய்வில், தனித்தனிக் கொள்கைகள் பங்கீட்டைச் சிறிதளவே மாற்றுகின்றன, அம்மாற்றமும் நிலைப்பதில்லை எனக் கண்டார். ஆகவே நிலத்தையும் கல்வியையும் முன்னரே பகிர்ந்தளித்துவிட்டு வளர்ச்சியை நாடவேண்டும் என வாதிட்டார்.

ஆயின், கொரிய நிலச் சீர்திருத்தம் குடியேற்ற ஆட்சி நீங்கிய சூழலில், 1950ஐ ஒட்டி நிகழ்ந்தது. நிலவுடைமையாளர் வலுவிழந்திருந்த காலம் அது. அவர்கள் வலுவோடிருக்கும் நாட்டில் நிலத்தை யார் பகிர்ந்தளிப்பர்? மேம்பாட்டில் தலைமைக்குள்ள ஈடுபாடு 1967ஆம் ஆண்டு நூலின் குறியீடுகளுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. அடெல்மனின் பரிந்துரை முழுவதும் பிற்காலத்தில் அந்த ஒரு குறியீட்டின்மீதே சாய்ந்து நிற்கிறது.