மோசேயின் பிரமாணமும் நம் சபைகளும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் மொட்டைத் தலைகளுக்குக் குறைவிருக்காது. அதைப் பார்த்து வளரும் நம் சபைப் பிள்ளைகள் "முடி இறக்குவதெல்லாம் நமக்குக் கிடையாது" என்று சொல்லக் கற்றிருக்கிறார்கள். எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நசரேய விரதம் முடிக்கிறவன் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் தலையைச் சிரைத்து, அந்த முடியைப் பலியின் கீழ் எரியும் நெருப்பில் போட வேண்டும் என்கிறது அந்த அதிகாரம். பவுலும் கெங்கிரேயாவில் பொருத்தனைக்காகத் தலைச்சவரம் செய்துகொண்டார். பின்பு எருசலேமில், விரதமிருந்த நான்கு பேரின் சவரச் செலவை ஏற்கும்படி யாக்கோபும் மூப்பர்களும் சொன்னபோது அதற்கும் இசைந்தார்.

இதை முதலில் நமக்கு உறைக்கும்படி சொன்னவர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் அச்சேறியது. நான்கே ஆண்டில், 1854-ல், அவர் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' வெளிவந்தது. கோயில், விளக்கு, தூபம், நைவேத்தியம், தீட்டு, சுத்தி என்று மிஷனெரிமார் எதையெல்லாம் பழித்தார்களோ, அதற்கெல்லாம் ஈடானவற்றை மோசேயின் நூல்களிலிருந்தே எடுத்து வைத்தார். லேவியராகமத்தை அவ்வளவு ஊன்றிப் படித்த தமிழர் அந்தக் காலத்துச் சபைகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், 'அந்தப் பிரமாணம் இன்று நமக்கு என்ன?' என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

அந்தக் கேள்வி சபையின் பிறப்போடு வந்தது. யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடிப் பேசியவர்கள், வேண்டாம் என்று தீர்மானித்து நான்கு விலக்குகளை மட்டும் எழுதி அனுப்பினார்கள்: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ல் இருக்கிறது. இதில் இரத்தம் இன்றும் நம் வீட்டுச் சண்டை. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடலாமா என்று ஒரே குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். இரண்டு பேரும் வசனம் காட்டுவார்கள்.

மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார். கி.பி. 144-ல் ரோமச் சபை அவரை நீக்கியது. அந்தக் கதவு அன்றே அடைபட்டுவிட்டது. பிறகு வந்தவர்களின் வழக்கெல்லாம், வைத்துக்கொண்ட நூலை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியதுதான். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை ஒழுக்கம், வழிபாடு, நீதிமன்றம் என மூன்றாகப் பிரித்தார். ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் ஏழாவது கோட்பாடும் அதே வழியில் போகிறது: சடங்கும் அரசுச் சட்டமும் கட்டுப்படுத்தாது, ஒழுக்கக் கட்டளை கட்டுப்படுத்தும். சி.எஸ்.ஐ. மக்களில் பெரும்பாலோர் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். வசதியான கணக்கு; ஆனால் மோசேயின் நூல்களுக்கு அது தெரியாது. லேவியராகமம் 19-ல், பிறனை நேசி என்ற கட்டளைக்கு அடுத்த வசனமே இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. நெசவு நடக்கும் நம் வட்டாரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எது ஒழுக்கம், எது சடங்கு என்று கோடு போட்டது நாம்தான்.

லூத்தர் வேறு பக்கமிருந்து வந்தார். மோசேயின் சட்டம் யூதருக்குக் கொடுத்தது, ஜெர்மானியருக்கு அல்ல; இயற்கையே எல்லார் மனதிலும் எழுதியதோடு அது ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் நம்மைக் கட்டும் என்று 1525-ல் பிரசங்கித்தார். அவர் வழியில் வந்த சீகன்பால்கு தரங்கம்பாடியில் மோசேயின் ஐந்து நூல்களையும் தாண்டி ரூத் வரை தமிழாக்கிவிட்டு 1719-ல் இறந்தார். பத்துக் கட்டளைகளை எண்ணுவதில்கூட இந்தப் பிரிவு தெரியும். கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை, சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு ஆறாவது. சம்பந்தம் செய்து சபை மாறிய பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சம்பந்தம் என்றதும் இன்னொன்று. லேவியராகமம் 18-ல் மணக்கக் கூடாத உறவுகளின் பட்டியல் இருக்கிறது. அத்தையும் சித்தியும் அதில் உண்டு; அக்காள் மகள் இல்லை. ஆங்கிலிக்கன் உறவுமுறைப் பட்டியல் அவளையும் சேர்த்தது; கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் விலக்குப் பெறாமல் அனுமதிப்பதில்லை. தாய்மாமன் உரிமை பேசும் நம் ஊரில் இதனால் எத்தனை மனத்தாங்கல்! எண்ணாகமம் 36-ல் செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளை மணந்தார்கள். நமக்கோ அவர்கள் அண்ணன் தம்பிகள், நினைக்கவே கூசும். ஒரு சமூகத்தின் நில உரிமையைக் குலத்துக்குள் காக்க எழுந்த ஏற்பாட்டை அந்தச் சமூகத்தோடு வைத்துப் படித்தால்தான் விளங்கும்.

மோசேயை முழுதாக எடுத்துக்கொள்ளத் துணிந்த தமிழரும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்று பெயர் பெற்ற அருமைநாயகம் 1857-ல் மிஷனைவிட்டுப் பிரிந்து இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். கால்டுவெல் 1849-ல் சாணார் சமூகத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் ஏற்கெனவே கோபத்தை மூட்டியிருந்தது. வெள்ளைக்காரக் குருமார் வேண்டாம் என்றவர்கள், அவர்களின் ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுச் சனிக்கிழமை ஓய்வுநாளை ஆசரித்தார்கள். தூபம் காட்டினார்கள், தரையில் விழுந்து வணங்கினார்கள், எபிரெயப் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள். எபிரெயரின் ஆசாரம் ஐரோப்பியரைவிடத் தமிழருக்குக் கிட்டத்து உறவு என்பதை அவர்கள் வாழ்ந்தே காட்டினார்கள். நாவலர் எதிர்வாதமாகச் சொன்னதை இவர்கள் விசுவாசமாகவே ஏற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வெண்டிஸ்ட் மிஷனெரிகள் அங்கே வந்ததற்கும் அந்தச் சனிக்கிழமைதான் காரணம். அந்தச் சபையைக் கேலியாகவே பேசிவந்தவர்கள் அதன் துணிச்சலைப் பார்க்கவில்லை. கலாத்தியர் நிருபத்துக்கு அவர்கள் தந்த பதில் எனக்குப் போதவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது நம்மிடையே செல்வாக்குள்ளது துண்டு துண்டாக எடுக்கும் முறை. தசமபாகம் என்றால் மல்கியா மூன்றாம் அதிகாரம் மேடையில் முழங்கும். அதே தசமபாகத்தைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் உண்டு மகிழச் சொல்லும் உபாகமம் 14 அங்கே கேட்காது. மூன்றாம் ஆண்டின் பங்கு லேவியனோடு அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. மாதவிலக்கான பெண் திருவிருந்துக்கு வரலாமா என்று கேட்பவர்கள் லேவியராகமம் 15-ஐக் காட்டுவார்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கோடு இருந்தவள் தம்மைத் தொட்டதற்கு இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை என்பது நினைவுக்கு வராது. எளியவரை அழுத்தக்கூடிய கட்டளை நிற்கிறது, வலியவரைக் கட்டும் கட்டளை உதிர்ந்துவிடுகிறது. நான் குறை சொல்வது இதைத்தான்.

இயேசுவின் கையில் இருந்த அளவுகோல் வேறு. ஒற்தலாமிலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களை அவர் கண்டித்தார். தள்ளுதற்சீட்டைப் பற்றிக் கேட்டவர்களை மோசேக்கும் முன்னால், படைப்பின் தொடக்கத்துக்குக் கூட்டிப்போனார். கட்டளை யாரைக் காக்க வந்தது என்பதே அவர் கேள்வி. யூத ரபிமார் 613 கட்டளைகள் என்று எண்ணினார்கள். அவற்றைச் சுமையாக மட்டுமே அவர்கள் கண்டார்கள் என்று நாம் பிரசங்கத்தில் சொல்வது அநியாயம். எகிப்திலிருந்து விடுதலை முதலில், சீனாய் மலை அதற்குப் பிறகு. மீட்கப்பட்ட அடிமைகளுக்குத் தந்த சட்டம் அது. அதனால்தான் கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. வயலோரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிறது. ஏழாம் ஆண்டில் கடனை விடச் சொல்கிறது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓடுகிறது. முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை தறியை விட்டு நகர முடியாத நிலை என்ன என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த மலரை வாசிக்கும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டின் வேதபாடத் திட்டத்தில் லேவியராகமம் 19, உபாகமம் 15, 24 மூன்றையும் சேருங்கள். தமிழிலும் தெலுங்கிலும் சபையில் உரக்க வாசியுங்கள். வாசிக்கும் அன்று தறி வைத்திருப்பவரும் தறியில் வேலை செய்பவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.